பந்து கொடுப்பார்களா?

ஒரு நல்ல கணக்குப்பிள்ளையிடம் காட்டியிருந்தால், 2025 நவம்பர் 15-ம் தேதி சென்னை சூப்பர் கிங்ஸ் செய்த வியாபாரத்தில் அவர் பெரிதாகக் குறை கண்டுபிடித்திருக்க மாட்டார். ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்தார்கள். கூடவே இங்கிலாந்தின் சாம் கரனையும். பதிலுக்கு வாங்கிக்கொண்டது சஞ்சு சாம்சனை. போனவருக்கு 37 வயது நிறைய மூன்று வாரம் பாக்கி. வந்தவருக்கு 31 நிறைந்து நாலு நாள். வந்தவர் விக்கெட் கீப்பர் வேறு. அப்போது சென்னையில் அந்தக் கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்த தோனிக்கு வயது 44. அந்த ஆண்டுப் போட்டியில் சென்னை அணி தன் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் வந்து நின்றிருந்தது. கூரை ஒழுகும்போது பரணில் இருக்கும் பித்தளை அண்டாவை விற்றாவது ஓடு மாற்றத்தான் வேண்டும்.

நானும் கணக்குப்பிள்ளைதான். அந்தமானில் ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். ஆகவே இந்த வியாபாரத்தை இரண்டு நோட்டிலும் போட்டுப் பார்த்தேன். கணக்கு நோட்டில் பைசா சுத்தமாக நேர் ஆனது. ஸ்கோர் நோட்டில் அப்படி ஆகவில்லை. பன்னிரண்டு பருவங்கள் ஒரே அணிக்கு ஆடியவரின் பெயரை எந்தப் பத்தியில் எழுதுவது?

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். இங்கே ஜங்கிலிகாட் பக்கம் ஒரு டீக்கடை. அறிவிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அங்கே இதே பேச்சு. ராமநாதபுரத்துக்காரர், மதுரைக்காரர், வங்காளி, மலையாளி, ராஞ்சியிலிருந்து வந்தவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் அந்தமான் ஹிந்தியில் சண்டை போடுவார்கள். அந்த வாரம் ஆளாளுக்கு ஒரு பரிமாற்றம் முன்மொழிந்தார்கள். "ஜடேஜாவை மட்டும் கொடு, கரனைக் கொடுக்காதே" என்றார் ஒருவர். "சஞ்சுவுக்கு இரண்டு பேர் என்ன, மூன்று பேர் கொடுத்தாலும் தகும்" என்றார் கடைக்கார சேட்டன். அவருக்குத் திருவனந்தபுரம் சொந்த ஊர், வேறு எப்படிச் சொல்வார்? வங்காளி இளைஞன் ஒருவன் மெல்ல, "பேசாமல் தோனியைக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டான். டீ கிளாஸ்கள் அப்படியே அந்தரத்தில் நின்றன. கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பையனுக்கு அன்றைக்கு வடை மட்டும் தாமதமாக வந்தது.

தோனியைப் பற்றிக் கேட்கக் கூடாத கேள்வியை ஜடேஜாவைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம் என்பதுதான் விஷயம். அவரும் சாதாரண ஆள் இல்லை. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்றிருந்தபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். எதற்கும் கலங்காத தோனி அவரை அப்படியே இடுப்போடு தூக்கிக்கொண்ட படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. 2018, 2021, 2023 என்று சென்னை வாங்கிய மூன்று கோப்பைகளில் அவர் பங்கு உண்டு. ஆனாலும் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்துதான் ஜெய்ப்பூர் போனார். குறைந்த அந்த நாலு கோடி, 2025-ல் தோனி வாங்கிய முழுச் சம்பளம்! சந்தை சில சமயம் இப்படியும் விளையாடும்.

வயதான நட்சத்திரங்களை மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கம் கிரிக்கெட்டுக்குப் புதிது. இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்கள். எங்கள் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் என்.பி.ஏ. பைத்தியம். அங்கே இரவு ஆட்டம் நடக்கும்போது இங்கே விடிகாலை. போர்ட் பிளேரில்தான் ஐந்து மணிக்கே பொழுது புலர்ந்துவிடுமே. பல் தேய்த்துக்கொண்டே போனில் ஆட்டம் பார்ப்பான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்வதற்கு முன்னால் இந்தச் சுகமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. "அங்கிள், யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம்னு கணக்குப் போடுறதே அங்கே தனி விளையாட்டு" என்று அவன்தான் எனக்கு வகுப்பு எடுத்தான்.

அவன் சொன்ன கதைகளில் இரண்டு என் மனதில் தங்கிவிட்டன. நியூயார்க் அணிக்கு 15 பருவங்கள் தூணாக நின்ற பேட்ரிக் யூயிங்கை 2000-ல், 38 வயதில், சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். ஹூஸ்டனுக்கு 1994, 1995 இரண்டு ஆண்டும் பட்டம் வாங்கிக் கொடுத்த ஹக்கீம் ஒலஜுவான் 17 பருவங்களுக்குப் பிறகு 2001-ல் டொராண்டோ போனார். அவருக்கும் வயது 38. இருவரும் 2002-ல் ஓய்வு பெற்றுவிட்டார்கள். புது ஊர்ச் சட்டையில் அவர்களைப் பார்த்தால் யாரோ அண்ணன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. 2025 ஜூலையில் 36 வயது கெவின் டுரான்ட் பீனிக்ஸிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனார். அந்த ஒரே பரிமாற்றத்தில் ஏழு அணிகள் சம்பந்தப்பட்டிருந்தனவாம். கிராமத்தில் பங்காளிகள் பாகப்பிரிவினை செய்யும்போதுகூட இத்தனை பேர் கூடுவதில்லை.

நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆட்டக்காரனிடம் சம்மதம் கேட்பார்களா?"

பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லையாம். லீகில் எட்டு வருஷம் ஆடி, அதில் நாலு வருஷமாவது அதே அணிக்கு ஆடியவர், "என்னை மாற்றக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதி வாங்கலாம். அப்படி எழுதி வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்குச் செய்தி வரும், பெட்டி கட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் டல்லாஸ் அணி தன் 25 வயது நட்சத்திரம் லூக்கா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தபோது, ஆடிப்போனவர்களில் முதல் ஆள் அவரேதான்.

ஐ.பி.எல். விதி இந்த ஒரு விஷயத்தில் உசத்தி. இங்கே வீரரின் சம்மதம் இல்லாமல் பரிமாற்றம் நடக்காது. ஜடேஜாவிடம் பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிவெடுத்ததாகச் சென்னை நிர்வாகமும் சொன்னது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008-ல் ராஜஸ்தான் கோப்பை வென்றபோது அந்த அணியில் 19 வயதுப் பையனாக இருந்தவர் இதே ஜடேஜா. இறுதிப் போட்டியில் அவர்கள் தோற்கடித்தது சென்னையை. பிறகு 2010-ல், தன் அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று அவரை அந்தப் பருவம் முழுவதும் ஆடவிடாமல் தடை செய்தார்கள். 21 வயதில் தானாக இடம் மாறப் பார்த்ததற்குத் தண்டனை. 36 வயதில் அதே இடத்துக்கு மாறிப் போனால் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. இளம் வயதில் நாம் போக ஆசைப்படுகிறோம், விடமாட்டேன் என்கிறார்கள். வயதான பிறகு இருக்க ஆசைப்படுகிறோம், போய் வாருங்கள் என்கிறார்கள்.

சம்மதம் என்ற சொல் எங்கள் தீவில் கொஞ்சம் கனமானது. 1858-லிருந்து இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் கேட்காமல் கொண்டுவரப்பட்டவர்கள். கைதிகள் கதை எல்லோருக்கும் தெரியும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துத் தமிழர் கதை அவ்வளவாகத் தெரியாது. 1964-ல் டில்லியில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் கணக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கை போடப்பட்டபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்களைத்தான் கச்சாலில் ரப்பர் பால் வெட்டக் குடியேற்றினார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்தக் குடும்பங்களில் ஒன்று. "எங்க அப்பாவைக் கொடுத்துட்டு இலங்கை என்ன சார் வாங்குச்சு?" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினாலு கோடி வாங்கும் ஆட்டக்காரரையும் தோட்டத் தொழிலாளியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் ஆளைக் கேட்டுச் செய்வது, கேட்காமல் செய்வது என்ற வித்தியாசம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்த வகையில் ஜடேஜா கொடுத்து வைத்தவர்.

ஆனால் சம்மதம் மட்டும் போதுமா? இங்கே எங்கள் தீவின் சொந்த நட்சத்திரம் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயர் ராஜன். யானை.

மரம் இழுப்பதற்காக மெயின்லாண்டிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் யானைகளைக் கொண்டுவருவது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். ராஜன் 1970-களில் வந்தவன். தீவுக்குத் தீவு போய் மரம் இழுக்க வேண்டும் என்பதற்காகக் கடலில் நீந்தப் பழக்கினார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு நல்லது, யானைகளுக்கு வேலை போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டிய, வேலையில்லாத யானையை உரிமையாளர் எத்தனை நாள் வைத்துச் சோறு போடுவார்? மெயின்லாண்டில் விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. கணக்கு நோட்டுப்படி அதுவும் சரியான யோசனைதான். அப்போது ஹேவ்லாக் தீவில், அதாவது இன்றைய ஸ்வராஜ் த்வீபில், விடுதி நடத்திக்கொண்டிருந்தவர்கள் பணம் திரட்டி அவனை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவன் கடலில் நீந்துவதைத் தண்ணீருக்கடியிலிருந்து படம் எடுக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். நீச்சலை நிறுத்திய பிறகு காட்டில் நடந்து, தழை தின்று, 2016 ஆகஸ்டில் 66 வயதில் செத்துப்போனான்.

ராஜனின் கதையில் எனக்குப் பிடித்தது, அவனுக்கு நிழலும் கரும்பும் கிடைத்தது மட்டும் இல்லை. மரம் இழுக்கும் வேலை போன பிறகும் அவனுக்குத் தெரிந்த ஒரு காரியத்துக்கு அங்கே தேவை இருந்தது. அதனால்தான் அவன் யானையாகவே கடைசிவரை இருந்தான். யூயிங்குக்கும் ஒலஜுவானுக்கும் புது ஊரில் கிடைத்தது மரியாதை. ஆட வேண்டிய நேரம் குறைவாகத்தான் கிடைத்தது. நம் அஸ்வினையே பாருங்கள். 2015-க்குப் பிறகு பல அணிகள் சுற்றிவிட்டு, 9.75 கோடிக்குச் சென்னை ஏலத்தில் எடுத்து, 2025-ல் சொந்த ஊர்ச் சட்டையைப் போட்டார். 'மகன் வீடு திரும்பினான்' என்று நாமெல்லாம் கண் கசிந்தோம். அணி தோற்றுக்கொண்டே போனது, அவரும் எல்லா ஆட்டத்திலும் இடம்பெறவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு அறிவித்துவிட்டார். சொந்த ஊர் என்ற ஒரே காரணம் ஒரு பந்து வீச்சாளருக்குப் போதாது. அவர் கையில் பந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே வயதான நட்சத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று யார் முன்மொழிந்தாலும் நான் பார்ப்பது இரண்டுதான். அவரைக் கேட்டீர்களா? போகிற இடத்தில் அவர் கையில் பந்து கொடுப்பார்களா? வயது, சம்பளம், பதிலுக்கு வருகிறவரின் திறமை எல்லாம் அதற்குப் பிறகு. ஜடேஜா விஷயத்தில் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு விடையை அறிக்கையில் எழுத முடியாது, ஆட்டத்தில்தான் தெரியும். நாலு ஓவரும் அவருக்குக் கிடைக்கிற நாள்களில் அது நல்ல வியாபாரம். டக் அவுட்டில் உட்கார்ந்து இளைஞர்களுக்குக் கைதட்டும் நாள்களில், எத்தனை கோடி கொடுத்தாலும், அது பரணில் ஏற்றிய அண்டாதான்.

இவ்வளவு அக்கறையாக இதைப் பேசுவதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. ஜடேஜா போன அதே மாதத்தில் எனக்கும் ஒரு பரிமாற்றம் முன்மொழியப்பட்டது. முன்மொழிந்தவன் என் மகன். சென்னையில் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். என் மனைவிக்கு இருதயத்தில் ஒரு சின்னக் கோளாறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், கப்பலில் மூன்று நாள். அவசரம் என்றால் இரண்டுமே தூரம்தான். "இந்த வீட்டை வித்துட்டுத் தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிடலாம்ப்பா. அம்மாவுக்கும் நல்லது, உங்களுக்கும் ரெஸ்ட்" என்றான். எல்லாவற்றையும் ஒரு தாளில் அழகாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தான். கணக்குப்பிள்ளை மகன் இல்லையா, கூட்டலில் ஒரு பிழை இல்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டான். கேட்காமலே டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகளை இந்தத் தீவில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் மனைவிக்குப் போக ஆசை. பேரக்குழந்தை அங்கே இருக்கிறது. எனக்கு இடறியது அந்த 'ரெஸ்ட்' என்ற சொல்தான். இங்கே பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனால் நூறு பேர் என்னை நிறுத்தி ஏதாவது ஒரு பென்ஷன் கணக்கு கேட்பார்கள். ஞாயிறு காலை மைதானத்தில் நான் போய் நோட்டைத் திறந்தால்தான் டாஸ் போடுவார்கள். தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் நான் யார்? லிஃப்டுக்குக் காத்திருக்கும் ஒரு பெரியவர்.

மகனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரிப்பா, நீங்களே ஒரு டீல் சொல்லுங்க" என்றான். சொன்னேன். வீட்டை விற்க வேண்டாம். வாடகைக்கும் விட வேண்டாம். வருஷத்தில் நாலு மாதம் அங்கே, எட்டு மாதம் இங்கே. அம்மாவின் பரிசோதனை இரண்டும் அந்த நாலு மாதத்தில் வருகிற மாதிரி இரண்டு தவணையாகப் போய் வருவோம். ஒருநாள் அவள் உடம்பு அதற்குமேல் கேட்டால், மறுபேச்சில்லாமல் நான் பெட்டி கட்டுகிறேன். அந்தச் சம்மதத்தை இப்போதே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் எனக்கும் ஒரு ஷரத்து உண்டு: உன் வீட்டுப் பக்கத்தில் எங்காவது பையன்கள் ஒழுங்காக மேட்ச் ஆடுகிற மைதானம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டான். "ஒரு கிரவுண்டு இருக்குப்பா. சனி, ஞாயிறு மேட்ச் நடக்குது. ஸ்கோர் எழுத ஆள் இல்லாம போன்ல தட்டிக்கிட்டிருக்கானுங்க. ஆனா காசெல்லாம் தரமாட்டானுங்க."

"காசு கிடக்கட்டும். காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.